அம்மாவுக்கு ஓர் ஆசை தேடிய தவக்காலம்

சாம்பல் புதன் அன்று சாயங்காலம். பூசை முடிந்து வீட்டுக்கு வந்து நாலு பேரும் தரையில் உட்கார்ந்திருக்கிறோம். நாலு நெற்றியிலும் சாம்பல் சிலுவை. என் மகன் அலெக்ஸ் நெற்றியில் இருந்தது மட்டும் வியர்வையில் கரைந்து மூக்கு நுனி வரை வந்துவிட்டது. நடுவில் கஞ்சிப் பானை. பக்கத்தில் பருப்புத் துவையல், பூண்டு கொஞ்சம் தூக்கலாக.

பிள்ளைகளே, எங்கள் பழக்கம் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. ஈஸ்டருக்கு முன்னால் நாற்பது நாள் எங்களுக்குத் தவக்காலம்; சாம்பல் புதன் அதன் முதல் நாள். அந்த நாட்களில் ஆளுக்கு ஒன்று, தனக்கு ரொம்பப் பிடித்ததாகப் பார்த்து, விட்டுவிட வேண்டும். எங்கள் வீட்டில் அதைச் சாம்பல் புதனன்று கஞ்சி குடிக்கும்போது வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் அப்புறம் மற்ற மூன்று பேரும் காவல்.

"நான் டீ," என்றேன்.

"போன வருசமும் டீதான்ப்பா," என்றாள் மகள் ஜெனி. "பாதியிலயே பேர மாத்தி சுக்குக் காப்பின்னு குடிச்சீங்க."

ஜெனி அப்போது கல்லூரியில் முதல் ஆண்டு, உளவியல் படிப்பு. போனில் ரீல்ஸ் பார்ப்பதை விடுவதாகச் சொன்னாள். அலெக்ஸ் பிரியாணியை விடுவதாகச் சொன்னான். திண்டுக்கல்லில் பிறந்த பிள்ளை இதற்கு மேல் என்ன தியாகம் செய்ய முடியும்? சொல்லிவிட்டுச் சற்று யோசித்து, "குஸ்கா கணக்குல வருமாப்பா?" என்று கேட்டான்.

"ம்மா, நீ?" என்றாள் ஜெனி.

என் மனைவி ஜெசிந்தா கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தாள். "எனக்கு விடுறதுக்கு என்ன இருக்கு?"

"காப்பியை விடு."

"பிடிச்சுப்போயா குடிக்கிறேன்? பாலு மீந்து போகுதேன்னு குடிக்கிறேன்."

"சீரியலு?"

"அது உங்கப்பா பாக்குறது. நான் வெங்காயம் உரிக்கத்தான் அங்க வந்து உக்காருறேன்."

"பூ வைக்கிறது?"

"உங்கப்பா கொண்டாந்தா வைக்கிறேன். கொண்டாரலைன்னா கேட்டிருக்கேனா?"

"தூக்கத்த விட்டுரும்மா," என்றான் அலெக்ஸ்.

"அத விட்டு ரொம்ப நாளாச்சு அப்பு."

எல்லோரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள். ஜெனி மட்டும் சிரிப்பைப் பாதியில் நிறுத்திக்கொண்டாள். "நெசமாவே உனக்கு என்னதாம்மா பிடிக்கும்?"

ஜெசிந்தா துவையல் கிண்ணத்தைப் பார்த்தாள். எங்கள் முகங்களைப் பார்த்தாள். சாவியை எங்கே வைத்தோம் என்று தேடுகிற ஆள் மாதிரி இருந்தது அவள் முகம். "தெரியலைடி," என்று சொல்லிவிட்டுப் பானையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

பிறகு வாசல் பக்கம் வந்து ஜெனி என்னிடம் சொன்னாள். "மனசு சோந்து போறவங்களுக்கு மொதல்ல அழுகை வராதாம்ப்பா. பிடிச்சதெல்லாம் பிடிக்காமப் போயிருமாம். வகுப்புல மேடம் சொன்னாங்க. அம்மா அடுப்படியில பாடிக்கிட்டே வேலை பாப்பாங்கள்ல, அது எப்ப நின்னுச்சு?"

எனக்கும் நினைவில்லை. ஒரு வருடமாக அவள் சோர்ந்துதான் இருந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போனோம். ரத்தம், சர்க்கரை, தைராய்டு எல்லாம் பார்த்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. "சந்தோசமா இருங்கம்மா," என்று சொல்லி டாக்டர் அனுப்பிவிட்டார். அந்த மருந்து எந்த மெடிக்கலிலும் கிடைக்கவில்லை.

மைக்செட்டுக்காரன் கேட்ட பிரசங்கங்கள்

நான் மைக்செட் வாடகைக்கு விடுகிறவன் என்பது இந்தத் தொடரை வாராவாரம் படிக்கும் பிள்ளைகளுக்குத் தெரியும். போன வாரம் பூச்சி புகுந்து ஆம்ப்ளிபயர் புகைந்த கதையைப் படித்துவிட்டு ஒரு குழந்தை, "மாமா, இப்பவாவது பூச்சி போகாம வலை அடிச்சிருக்கீங்களா?" என்று கேட்டிருந்தது. அடித்துவிட்டேன் கண்ணு.

பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றாலும், இந்தத் தொழிலால் நான் கேட்காத பிரசங்கம் இல்லை. கன்னிவாடியில் கும்பாபிஷேகம், வடமதுரையில் பங்குத் திருவிழா, பேகம்பூரில் மார்க்கக் கூட்டம், எல்லாவற்றுக்கும் ஒரே பெட்டி, ஒரே மைக். பெரியவர்கள் மேடையில் சொல்வதும் கிட்டத்தட்ட ஒன்றுதான்: ஆசையை அடக்கு, நாக்கை அடக்கு, புலன்களை அடக்கு.

ஆனால் மேடைக்குப் பின்னால் ஒயர் இழுத்து உட்கார்ந்திருக்கிறவனுக்கு வேறொன்றும் தெரியும். அடக்கு, அடக்கு என்று சத்தம் முன்னால் போய்க்கொண்டிருக்கும்போதே, பின்னால் அடுப்பில் சர்க்கரைப் பொங்கலுக்கு முந்திரி வறுபடும். இல்லாவிட்டால் நோன்புக் கஞ்சிக்கு இஞ்சி பூண்டு வதங்கும். ஆசை வேண்டாம் என்று சொல்லிவிட்டு இத்தனை நெய்யை ஏன் ஊற்றுகிறார்கள் என்று நான் ரொம்ப நாள் குழம்பியிருக்கிறேன்.

பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான். அறம், பொருள், இன்பம் என்று வாத்தியார் ஆரம்பிப்பார். முதல் இரண்டுக்கும் நிறுத்தி நிதானமாக விளக்கம். மூன்றாவது வந்ததும் கரும்பலகையைத் துடைக்கத் தொடங்கிவிடுவார்.

என் குழப்பத்தைத் தீர்த்தவன் முருகேசன். சீரியல் லைட் போடுகிறவன், என் கூட்டாளி. அந்த வருடம் பங்குனி உத்திரத்துக்குப் பழனிக்கு நடக்க மாலை போட்டிருந்தான். காலில் செருப்பு இல்லை, முகம் முழுக்கத் தாடி.

"விரதம் எப்பிடிடா போகுது?" என்று கேட்டேன்.

"இடுப்புல வேட்டி நிக்க மாட்டேங்குது மாப்ள. போற வீட்டுல எல்லாம் சாமி சாப்புடுங்க, சாமி இன்னும் ரெண்டு இட்லி வச்சுக்கோங்கன்னு உசுர எடுக்குறாங்க."

"கறி சாப்பிடாம இருக்கியே, அது கஷ்டமா இல்ல?"

"கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா மாலையக் கழட்டிட்டு மொதல்ல திங்கிற கறிச்சோறு இருக்கே… அந்த ருசிக்காகவே சாமி விரதத்த வச்சிருக்காரோன்னு எனக்கொரு சந்தேகம். ஒனக்கு ஏன்டா மூஞ்சி இப்பிடி இருக்கு?"

ஜெசிந்தா சொன்னதை அவனிடம் சொன்னேன். அவன் தாடியைச் சொறிந்தான். "ஆசையே இல்லாதவ எப்பிடி மாப்ள விரதம் இருப்பா? அது விரதமில்ல, பட்டினி."

அந்த வார்த்தை எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

ஆசை உண்டாக்கும் திட்டம்

எங்கள் தெருவில் உள்ள கத்தோலிக்கக் குடும்பங்கள் வாரம் ஒரு வீட்டில் கூடி ஜெபம் செய்வோம். அன்பியம் என்று பெயர். அதற்குத் தலைவி பிலோமினா அக்கா. ஒல்லியான உருவம், பெரிய குரல். என் தொழிலுக்கே போட்டி.

அந்த வாரக் கூட்டத்தில் பிலோமினா அக்கா எழுந்து, "இந்தத் தவக்காலத்துல ஊர்க்கதை பேசுறத நான் அடியோட விட்டுட்டேன்," என்று அறிவித்தார். அடுத்த மூச்சில் ஜெசிந்தா பக்கம் திரும்பினார். "ஒனக்கு விடுறதுக்கு ஒண்ணுமே இல்லைன்னு சொன்னியாமே? மாதாவே அப்பிடிச் சொல்ல மாட்டாங்களேடி."

நாலு பெண்கள் சிரித்தார்கள். ஜெசிந்தா தலையைக் குனிந்துகொண்டாள். வீட்டுக்கு வந்ததும், "ஏங்க, எதையாச்சும் ஒண்ணச் சொல்லிக் குடுங்க. அத விட்டுத் தொலைக்கிறேன்," என்றாள்.

இல்லாததை எப்படி விடுவது? அதனால் நானும் அலெக்ஸும் சேர்ந்து ஒரு திட்டம் போட்டோம். முதலில் அம்மாவுக்கு ஏதாவது ஓர் ஆசையை உண்டாக்குவது. அது அவளுக்கு நன்றாகப் பிடித்துப்போன பிறகு, தவக்காலத்துக்காக அவள் அதை விட்டுவிடுவது. பிலோமினா அக்கா வாயும் அடையும்.

ஜெனி எங்களை ஒரு மாதிரி பார்த்தாள். "மொதப் பாதிக்கு மட்டும் நான் வாரேன்," என்றாள்.

முதலில் சேலை எடுத்தேன். மயில் கழுத்து நிறம். ஜெசிந்தா தடவிப் பார்த்துவிட்டு, "ஜெனிக்கு ஒரு சுடிதார் எடுத்திருக்கலாமே," என்றாள்.

சிறுமலைக்குக் கூட்டிப்போனோம். அதற்காக அவள் விடிவதற்கு முன்பே எழுந்து எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு வெஞ்சனமும் செய்து கட்டிக்கொண்டு வந்தாள். மலையில் குளிர்ந்த காற்று அடித்தது, நாங்கள் மூன்று பேரும் ஆகா என்றோம். அவள் தட்டுகளைக் கழுவக் குழாயைத் தேடிக்கொண்டிருந்தாள்.

பழைய பாட்டு என்றால் யாருக்குத்தான் பிடிக்காது என்று கடையிலிருந்து ஒரு பெட்டி ஸ்பீக்கரை வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்தேன். பாட்டு ஓடத் தொடங்கியதும் பக்கத்து வீட்டுக்காரர் வந்து, "என்ன அருளு, வீட்டுல விசேசமா? சொல்லவே இல்ல?" என்று கேட்டார். ஜெசிந்தா காதில் பஞ்சோடு வெளியே வந்து, "சத்தம் உங்க பொழப்பு. எனக்கெதுக்குங்க அது?" என்றாள்.

அலெக்ஸ் தன் போனில் மிட்டாய்களை உடைக்கிற விளையாட்டைச் சொல்லிக் கொடுத்தான். அதில் ஒன்று கவனித்தேன். அவன் அதைத்தான் நாள் முழுக்க ஆடுகிறான். ஆனால் ஆடும்போது கட்டைவிரல் மட்டும் ஓடுகிறது, முகத்தில் ஒரு சிரிப்பு இல்லை. ஜெனியிடம் கேட்டேன். "வேணும் வேணும்னு மனசு அடிச்சுக்கிறது வேறப்பா, அனுபவிச்சு சந்தோசப்படுறது வேற. ரெண்டும் எப்பவும் சேந்தே வராது," என்றாள். இதை எந்த மேடையிலும் நான் கேட்டதில்லை.

வழிந்த ரசம்

இதற்குள் மாசித் திருவிழா வந்துவிட்டது. மாரியம்மன் கோயில் பக்கம் போனால் ஊரே வேப்பிலையும் மஞ்சளுமாக இருக்கும். வருடா வருடம் கடைத்தெருப் பக்கத்து மைக்செட் என்னுடையது. காணாமல் போன பிள்ளைகளையும் கிடைத்த செருப்புகளையும் அறிவித்துக்கொண்டு பகல் முழுக்க அங்கேயே இருப்பேன். ஜெசிந்தா மதியம் தூக்குக் கேரியரில் சோறு கொண்டுவருவாள்.

அன்றும் வந்தாள். வெயிலில் கூட்டம் இல்லை. தூரத்தில் அவள் வருவதைப் பார்த்தேன். வந்தவள் நடுவில் நின்றுவிட்டாள். எதிரே ராட்டினம். சாயங்காலக் கூட்டத்துக்கு முன்னால் ஆளில்லாமல் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காலிப் பெட்டிகள் கிறீச் கிறீச்சென்று மேலே போய், உச்சியில் ஒரு நொடி ஆடி, கீழே இறங்கின.

அவள் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றாள். கையில் கேரியர் சாய்ந்துவிட்டது. ரசம் வழிந்து சேலையில் இறங்குகிறது. அவளுக்குத் தெரியவில்லை.

"ஜெசி! ரசம்!"

"எங்க?"

"சேலையில!"

குனிந்து பார்த்தாள். "அட," என்றாள். மறுபடியும் அண்ணாந்துவிட்டாள்.

"எங்க ஊரு எரியோட்டுல நாங்க சின்னப் பிள்ளையா இருக்கப்ப திருவிழாவுக்கு வருமுங்க. அப்பக் கையால சுத்துறது. மேல போய் நிக்கிறப்ப எங்க வீட்டு ஓடு தெரியும், கெணறு தெரியும். எங்கய்யா கீழ நின்னுக்கிட்டு 'எறங்குடி கழுத'ன்னு கத்துவாரு. காது கேக்காத மாதிரி இன்னொரு சுத்து உக்காந்திருப்பேன்."

அவள் சேர்ந்தாற்போல் இவ்வளவு பேசி நான் கேட்டு நாளாகியிருந்தது. மெதுவாக, "ஏறுறியா?" என்றேன்.

சட்டென்று முகம் மாறிவிட்டது. "ச்சே. தவக்காலத்துலயா? அதுவும் இந்த வயசுல? நான் போறேன், வேலை கெடக்கு." விறுவிறுவென்று போய்விட்டாள். சோறு கொடுக்க வந்தவள் கேரியரை அவளே தூக்கிக்கொண்டு போய்விட்டாள். நான் முருகேசனோடு அன்னதானத்தில் உட்கார்ந்து சாம்பார் சாதம் சாப்பிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு

சாயங்காலம் வீட்டில் இதைச் சொன்னதும் அலெக்ஸ் துள்ளிக் குதித்தான். "கெடச்சிருச்சுப்பா! அம்மா ராட்டினத்த விடட்டும்!"

எங்கள் திட்டத்தின்படி பார்த்தால் அவன் சொன்னது சரிதான். ஜெசிந்தா முகத்திலும் ஒரு நிம்மதி. "ஆமா. அதையே விட்டுர்றேன். பிலோமினாக்காகிட்டயும் சொல்லிரலாம்."

"ஏறவே இல்லாம எப்பிடிம்மா விடுவ?" என்றாள் ஜெனி. கோபம் வந்துவிட்டது அவளுக்கு.

"ஈஸ்டருக்குப் பெறகு ஏறிக்கிறேன்."

"ஈஸ்டருக்கு ராட்டினம் எங்க இருக்கும்? இந்த வாரத்தோட பிரிச்சு லாரியில ஏத்திருவாங்க."

"அப்ப அடுத்த வருசம்."

எனக்குத் திக்கென்றது. அடுத்த வருடம் என்பது எங்கள் வீட்டில் ஜெசிந்தா தன் விஷயங்களையெல்லாம் தூக்கிப் போடும் பரண். பல் வலி, எரியோட்டுப் பயணம், மூக்குக் கண்ணாடி, எல்லாம் அங்கேதான் கிடக்கின்றன. இதுவும் அங்கே போய்விட்டால் எடுத்துத் தர ஆள் இல்லை.

ஜெனி என்னைப் பார்த்தாள். நான் ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்தாள். கட்டாயப்படுத்தி ஏற்றிவிடலாம். ஆனால் அது எங்கள் ஆசையாகிவிடும், அந்த மயில் கழுத்துச் சேலை மாதிரி.

வெள்ளிக்கிழமை கோயிலில் சிலுவைப் பாதை ஜெபத்துக்குப் போனோம். சனிக்கிழமை அவள் பாத்திரங்களையெல்லாம் இறக்கிப் புளி போட்டுத் தேய்த்தாள். ராட்டினம் பற்றி யாரும் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நடந்து வருகிறோம். பிள்ளைகள் முன்னால் போய்விட்டார்கள். ஜெசிந்தா தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"ஏங்க, ஞாயித்துக்கெழம தவக்காலக் கணக்குல வராதுதான?"

"என்ன கணக்கு?"

"நாப்பது நாள எண்ணுறப்ப ஞாயித்துக்கெழமைய விட்டுட்டுத்தான் எண்ணணும். ஆண்டவர் உயிர்த்த நாளு, அன்னைக்கு நோம்பு கெடையாது. சின்ன வயசுல மறைக்கல்வியில சிஸ்டர் சொல்லிக் குடுத்திருக்காங்க."

"ஆமா, அப்பிடித்தான்."

"அதுக்காகக் கேக்கலை. சும்மாதான் கேட்டேன்."

பாலத்தைத் தாண்டினோம். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டாள். "ராட்டினம் இன்னைக்கு இருக்குமா?"

பிள்ளைகளே, ஆசை வந்துவிட்டால் மனிதர் சட்டம் படிக்கத் தொடங்கிவிடுவார். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தில் எதிரே வந்த மாட்டுக்குக்கூட வணக்கம் சொல்லியிருப்பேன்.

மேலே

சாயங்காலம் போனோம். மிளகாய் பஜ்ஜி வாசனை, ஜெனரேட்டரின் டீசல் புகை, பிய்த்துப் பிய்த்துத் தின்னும் டெல்லி அப்பளம், என்னுடைய குழாய் ஸ்பீக்கரிலிருந்து அம்மன் பாட்டு. ராட்டினத்துக்கு வரிசை. எங்களுக்கு முன்னால் ஒல்லியான ஒரு பெண் முக்காட்டை மூக்கு வரை இழுத்துவிட்டு நின்றிருந்தார். ஜெனி என் முழங்கையில் இடித்தாள். உற்றுப் பார்த்தேன்.

பிலோமினா அக்கா!

அவரும் எங்களைப் பார்த்துவிட்டார்.

"எம் பேத்தி ஏறணும்னு அழுதா," என்றார் அக்கா.

"பேத்தி எங்க பாட்டி?" என்றான் அலெக்ஸ், சுற்றிலும் பார்த்து.

"பஞ்சுமிட்டாய் வாங்கப் போயிருக்கா."

அந்தப் பேத்தியைக் கடைசி வரை நாங்கள் பார்க்கவில்லை. ஜெசிந்தா மட்டும் ரொம்ப மரியாதையாக, "ஞாயித்துக்கெழமதானக்கா," என்றாள்.

பிலோமினா அக்காவின் முகத்தில் டியூப்லைட் எரிந்த மாதிரி ஆயிற்று. முக்காட்டை இறக்கினார். "அதான! ஞாயித்துக்கெழமதான! வாடி, ஒண்ணா ஏறுவோம்."

இருவரும் ஒரே பெட்டியில் ஏறினார்கள். ராட்டினம் வேகமெடுத்தது. "மாதாவே! மாதாவே!" என்று பிலோமினா அக்கா போட்ட சத்தத்தில் அம்மன் பாட்டு அமுங்கிவிட்டது. அதற்கு நடுவே இன்னொரு சத்தம். ஒரு சிரிப்பு. பெட்டி கீழே வரும்போது பெரிதாகும், மேலே போகும்போது சின்னதாகும். ஜெனி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அலெக்ஸ், "அம்மாவாப்பா அது?" என்று கேட்டான்.

ராட்டினம் நின்றது. பிலோமினா அக்கா தள்ளாடி இறங்கி, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஜெசிந்தா இறங்கவில்லை.

"எக்கா, எறங்குங்க," என்றான் ராட்டினக்காரன்.

"நான் எறங்கலை. இன்னொரு டிக்கெட் வாங்கிக்கிறேன்." என்னைப் பார்த்தாள். "ஏங்க, நீங்க வாங்க."

நான் ஸ்பீக்கர் கட்ட மரம் ஏறுவதற்கே சம்பளத்துக்கு ஆள் வைத்திருப்பவன். மொட்டை மாடி விளிம்புக்குக்கூடப் போக மாட்டேன். லைட் கம்பத்தடியில் நின்ற முருகேசன் மாலையும் தாடியுமாகக் கத்தினான்.

"ஏலே அருளு! கட்டுன பொண்டாட்டி கூப்புடுது, போலே! நான் வேணா முருகன்கிட்டச் சொல்லி வைக்கிறேன்!"

ஏறினேன். கம்பியை ராட்டினக்காரன் மாட்டிய சத்தம் கேட்டதும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். வயிறு கீழேயே தங்கிவிட, நான் மட்டும் மேலே போனேன். போய்க்கொண்டே இருந்தது. திடீரென்று நின்றது. கீழே ஆள் ஏற்றுகிறார்கள். நாங்கள் உச்சியில். பெட்டி முன்னும் பின்னும் ஆடியது.

ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தேன். மலைக்கோட்டைப் பாறை இருட்டில் படுத்திருந்தது. மாதா கோயில் கோபுர விளக்கு, பள்ளிவாசல் பச்சை விளக்கு, கீழே முருகேசன் போட்ட சீரியல் லைட். விளக்குகளெல்லாம் எனக்குக் கீழே இருந்தன, அதுதான் பிரச்சினை. மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டு, "அருள் நிறைந்த மரியே, வாழ்க" என்று சத்தமாகவே ஆரம்பித்தேன்.

ஜெசிந்தா என் முழங்காலில் கையை வைத்தாள்.

"செத்த நேரம் சும்மா இருங்க," என்றாள். "எனக்கு இது பிடிச்சிருக்கு."

ஜெபத்தைப் பாதியில் நிறுத்திவிட்டேன். மாதா கோபித்துக்கொண்டிருக்க மாட்டாள்.